மகேசு கேட்டதை உன்னிடம் சொல்கிறேன்

குமரேசா,

இந்தக் கடுதாசியை உன் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புகிறேன். காலையில் முழங்கால் வலிக்கிறது, பட்டறைக்கு வரவில்லை என்று சொன்னேனே, அது பொய். எனக்கு ஒரு வலியும் இல்லை. நீ இதைப் படிக்கும்போது நான் எதிரே உட்கார்ந்திருந்தால் நீயும் படிக்க மாட்டாய், நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். "அத விடுல, புது கட்டர் வந்துச்சா?" என்று பேச்சை மாற்றிவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் அது கைவந்த கலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரே வண்டியில் தினமும் போகிறோம், வருகிறோம். இத்தனை மாதமாக அந்த வண்டியில் நாம் பேசியதையெல்லாம் சேர்த்தால், ஒரு டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிடலாம். பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க நான் கடுதாசியில்தான் குடும்பம் நடத்தினேன். "இவிய நேர்ல பேசுனா சண்டைக்கு வார மாதிரி இருக்கும், எழுதுனா மட்டும் மனுசன் மாதிரி இருக்கும்" என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நான் பென்ஷன் விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மம்சாபுரம் போய் வந்தேன். மகேசுவைப் பார்த்தேன். நீ இன்னும் உன் மனைவியைப் போய்ப் பார்க்காமல் இருக்கிறாய், அவளும் தாய்வீட்டிலேயே இருக்கிறாள், இது இப்படியே போனால் நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவீர்கள் என்ற பயத்தில்தான் போனேன். அங்கே அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கத்தான் இத்தனை காகிதமும். ஆனால் நேரே அதற்குப் போக எனக்கு வரவில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

எனக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரியும், அவ்வளவுதான். நான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சமயத்தில் நீ கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பை வெட்டுகிற அந்தப் பழைய சிஎன்சி மெஷினை வாங்கிப்போட்டாய். வீட்டில் உட்கார்ந்தால் உன் அம்மாவோடு சண்டை வருகிறது என்று நான் உன் பட்டறைக்கு வர ஆரம்பித்தேன். ஒரு நாள் சத்திரப்பட்டிப் பக்கத்திலிருந்து, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர் ஒருவர் ஓர் இரும்புப் பட்டையைக் கொண்டுவந்தார். நூலை வழிநடத்துகிற பாகம் ஏதோ ஒன்று அதில் பொருந்த வேண்டுமாம். அதற்காகப் பட்டை நெடுக வரிசையாகப் பள்ளங்கள் போட வேண்டும். ஒவ்வொன்றும் தீக்குச்சி அகலம், சுண்டுவிரல் நீளம். இரண்டு முனையும் மூடியிருக்க வேண்டும், அடியும் மூடியிருக்க வேண்டும். நீ அதை ஸ்லாட் என்றாய். "ஏலே, இதென்ன பெரிய வேலையா? கோடு கிழிச்ச மாதிரி வெட்டிட்டுப் போயிற வேண்டியதுதான?" என்று நான் பெரிய மேதாவியாகக் கேட்டேன்.

நீ சிரித்தாய். அப்போதெல்லாம் நீ நன்றாகச் சிரிப்பாய். "அப்பா, ஓரம் தெறந்திருந்தா கட்டர் பக்கவாட்டுல நொழையும், வெட்டுன தூளும் பக்கவாட்டுல கொட்டிரும். இதுல வாசலே கெடையாது. மேல இருந்துதான் எறங்கணும், தூளும் மேல வழியாத்தான் வெளிய வரணும். வரலன்னு வைங்க, கட்டர் அந்தத் தூளையே திரும்பத் திரும்பப் போட்டு அரைக்கும். இரும்பு கடுசா இருக்கதால கட்டர் ஒடையிறது கம்மிப்பா. வெட்டுனது போக வழியில்லாமத்தான் ஒடையுது" என்றாய். பிறகு காற்றுத் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, மெஷின் நிற்கும்போதெல்லாம் பள்ளத்துக்குள் அடித்துத் தூளை ஊதிவிடச் சொன்னாய். ஒரு துப்பாக்கியை விட்டு வந்தவனுக்கு இன்னொரு துப்பாக்கி கிடைத்தது என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

மகேசு நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வேலை ஒழுங்குக்கு வந்தது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த பெண். கல்யாணம் ஆகி மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த கையோடு, "அத்தை, மதியச் சமையல் ஆனதும் நானும் பட்டறைக்குப் போறேன்" என்று உன் அம்மாவிடம் கேட்டாள். உன் அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "போயிட்டு வா தாயி, அந்த ரெண்டு ஆம்பளைகளயும் கொஞ்சம் கட்டி மேய்ச்சிட்டு வா" என்று அனுப்பி வைத்தாள். மகேசு கம்ப்யூட்டரில் படம் போட்டு, புரோகிராம் எழுதி மெஷினுக்கு அனுப்பினாள். நீ அதுவரை கட்டரை நேராகக் குத்தி இறக்கிக்கொண்டிருந்தாய். அவள் அதை மாற்றினாள். "ஏங்க, இப்படி நட்டக்குத்தலா எறக்கினா அது பாவம் என்ன செய்யும்? சரிவா எறங்கணும்" என்றாள். பள்ளத்தின் அகலத்தைவிட ஒல்லியான கட்டரை மாட்டி, சறுக்குப் பாதையில் இறங்குவது போல முன்னும் பின்னுமாகப் போகவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு தாள் கனம் மட்டும் வெட்டினாள். தூளுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள். நடுநடுவே மெஷினை நிற்க வைத்து, "மாமா, உங்க டூட்டி!" என்பாள். நான் காற்றடிப்பேன்.

புரோகிராமில் மெஷினுக்கு வேண்டாத வரிகளையும் எழுதலாமாம். மெஷின் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், திரையில் மட்டும் அது தெரியும். வேலை பார்க்கிறவர்களுக்குக் குறிப்பு வைப்பதற்காக உள்ள ஏற்பாடு அது. அவள் அதை நம்மைக் கேலி செய்ய வைத்துக்கொண்டாள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு நிறுத்தத்தில் "மாமா தூங்காதீங்க காத்தடிங்க" என்று வரும். இன்னொன்றில் "உங்க மகன் மொறைச்சா கண்டுக்காதீங்க" என்று வரும். அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது எழுதிய புரோகிராமில், "ஸ்பேனர் கீழ விழுந்தா நீங்களே குனிஞ்சு எடுங்க" என்று ஒரு வரி. அதைப் பார்த்து நீ மெஷின் கதவில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாய். ஒரு பட்டறைக்குள் அத்தனை சந்தோஷம் இருக்கலாமா என்று எனக்கே சில நேரம் திகிலாக இருக்கும்.

வளைகாப்பு முடிந்து அவளைப் பிரசவத்துக்கு மம்சாபுரம் அனுப்பினோம். போவதற்கு முன்னால், அந்தத் தறிக்காரர் புதிதாகக் கேட்டிருந்த பட்டைகளுக்கு முழுப் புரோகிராமையும் எழுதி வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினாள். கை நிறைய வளையலோடு உட்கார்ந்து அவள் தட்டிய சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. நீ பக்கத்தில் நின்று "போதும் மகேசு, நேரமாச்சு" என்று விரட்டினாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நம்மில் ஒருவராவது ஒரு தடவையாவது அதை முழுசாகச் சொல்ல வேண்டும். நாள் நெருங்கிய நேரத்தில், பிள்ளை அசையவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் பார்த்தபோது துடிப்பு நின்றுவிட்டிருந்தது. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. யார் மேலும் தப்பு இல்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்றார். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. மகேசு மயக்கத்தில் கிடந்தாள். அவளுக்குக் காட்ட வேண்டாம் என்று அவள் அம்மா சொன்னாள், உன் அம்மாவும் அதையே சொன்னாள். "பச்ச உடம்புக்காரி. மொகத்தப் பாத்துட்டா அது மனசுலயே நின்னுரும். பாக்காம இருந்தா நாளாவட்டத்துல மறந்துருவா" என்றார்கள். நம் பக்கத்தில் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். நானும் சரி என்றுதான் நின்றேன். நீ மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய், பிறகு மூடிக்கொண்டாய். அதை நான் பார்த்தேன்.

சுந்தரபாண்டியத்தில் நம் வயலோரம் கொண்டுபோனோம். நான் வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ பின்னால், வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். வழி நெடுக நான் திரும்பவே இல்லை. பட்டாளத்தில் செத்தவர்கள் எத்தனையோ பேரைத் தூக்கியவன் நான், அந்த ஒரு மடியைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. வயலில் குழி வெட்டிய ஆள் கை நீட்டினார், நீ கொடுக்கவில்லை. நீயே குழிக்குள் இறங்கினாய். இறங்கி, துணியை விலக்கிக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாய். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மேற்கே மலையைப் பார்த்தபடி நின்றேன். பிறகு மண் விழுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து குளித்தோம். உன் அம்மா தட்டில் சோற்றைப் போட்டாள், நாமும் சாப்பிட்டோம்.

மறுநாளே நீ பட்டறையைத் திறந்துவிட்டாய். ஆர்டர் நிற்கிறது என்று சொன்னாய். நானும் பின்னால் வந்து காற்றுத் துப்பாக்கியோடு நின்றேன். மகேசு எழுதி வைத்த புரோகிராமைத்தான் நீ ஓட்டினாய். வேலை அழகாகப் போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் வரிகள் வந்தன. நீ திரையைப் பார்க்காமல் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாய், நான் காற்றடித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பள்ளமும் முடிந்து மெஷின் நின்றது. திரையில் கடைசி வரி வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் பார், அதுதான் நான் செய்த முட்டாள்தனம், வாய்விட்டே படித்துவிட்டேன். "வேலை முடிஞ்சுது. நாங்க ரெண்டு பேரும் சீக்கிரம் வாரோம்."

நீ மெஷினை அணைத்துவிட்டாய். அணைக்கிற முறைப்படி கூட அணைக்கவில்லை, மெயின் சுவிட்சையே தட்டிவிட்டாய். வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றாய். நான் உன்னிடம் வந்திருக்க வேண்டும். நான் தரையைப் பெருக்கினேன்.

அன்றிலிருந்து அவள் கம்ப்யூட்டரை நீ திறக்கவில்லை. மெஷின் பலகையில் உன் கையாலேயே எண்களைத் தட்டி, பழையபடி நட்டக்குத்தலாகக் கட்டரை இறக்குகிறாய். நிறுத்தம் வைப்பதில்லை. காற்றடிக்க நான் வந்தால், "வேண்டாம்ப்பா, சத்தமா இருக்கு" என்கிறாய். தூள் பள்ளத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு கிடக்கிறது. முதலில் சத்தம் மாறும், கீச்சென்று ஒரு இழுப்பு வரும், பிறகு டக்கென்று ஒடியும். இப்போது அந்தச் சத்தத்தை வாசலில் நின்றே நான் கண்டுபிடித்துவிடுகிறேன். ஒடிந்த துண்டு பள்ளத்தில் மாட்டிக்கொண்டுவிடும், பட்டையும் வீண். நீ அதைக் குப்பையில் போடுவதுமில்லை. இடுக்கியும் ஊசியும் வைத்துக்கொண்டு குனிந்து, அந்தத் துண்டை வெளியே எடுக்கப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய். தறிக்காரர் வந்து, "என்ன தம்பி, முன்னெல்லாம் இப்படி ஆகாதே" என்று கேட்டார். "இரும்பு சரியில்ல அண்ணாச்சி" என்றாய். இரும்பின் மேல் பழியைப் போடாதே ஐயா. வெட்டுனது போக வழி வேண்டும் என்று எனக்குச் சொன்னவனே நீதான்.

வீட்டில் என்ன நடந்தது என்றும் உனக்குச் சொல்ல வேண்டும். பிரசவம் ஆன பெண்ணைத் தாய்வீட்டிலிருந்து அழைத்து வர நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல நாள் பார்த்து, தாய்க்குச் சேலையும் பிள்ளைக்குச் சட்டையும் தொட்டில் துணியும் இனிப்பும் எடுத்துக்கொண்டு, நாலு பேராகப் போய் அழைக்க வேண்டும். பிள்ளை இல்லாத தாயை எப்படி அழைப்பது? அதற்கு ஒரு முறையும் இல்லை. உன் அம்மா அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பார்த்தாள், யாருக்கும் தெரியவில்லை. "வெறுங்கையோட போயி நிக்கவா? பூ வாங்கிட்டுப் போகவா? நாம போயி நின்னா அவ புண்ணக் கிளறுன மாதிரி ஆயிரும்ங்க. ஒடம்பு தேறட்டும். பொறவு அவியளே கொண்டாந்து விடுவாக" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவளுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். நீயும் வேலை இருக்கிறது என்று இருந்தாய். நாள் ஓடிவிட்டது.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், பழக்கதோஷத்தில் பால்கோவாக் கடை முன்னால் போய் நின்றுவிட்டேன். கடைக்காரர் "எவ்வளவுங்க?" என்றார். அந்த வீட்டுக்கு இனிப்பை எப்படிக் கொண்டு போவது? ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி, கொஞ்சம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போகிறவன் போல மம்சாபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

சம்பந்தி வாசலில் நின்றார். "வாங்க" என்றார். நாற்காலி போட்டார், தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம், இரண்டு பேருக்கும் மழை மேல் ஒரு அக்கறையும் இல்லை. மகேசுவின் அம்மாதான் கதவோரம் நின்றபடி கேட்டாள். "எம் பிள்ளைய வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா அண்ணாச்சி? அதச் சொல்லத்தான் ஒத்தையில வந்தியளா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் வராமல் இருந்தோம், நீங்களாகக் கொண்டுவந்து விடுவீர்கள் என்று காத்திருந்தோம் என்றேன். "நாங்களா எப்படிக் கொண்டாந்து விடுவோம்? பிள்ளையப் பறிகொடுத்தவள நாங்களே கொண்டாந்து தள்ளுன மாதிரி ஆயிராதா? நீங்க வந்து கூப்புடுவீங்கன்னுல்லா தெனமும் வாசலப் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அழுதாள். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வீட்டிலும் நல்லவர்கள்தான் இருக்கிறோம். நல்லவர்களாகவே உட்கார்ந்து அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டோம்.

பிறகு மகேசு வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். வளையல் ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஆர்டர் போயிருச்சா மாமா?" என்று கேட்டாள். கட்டர் ஒடிகிறது என்று சொன்னேன். "ஏன், எம் புரோகிராம்லதான ஓட்டுதாவ?" என்றாள். அவளிடம் எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "கடேசி வரியப் பாத்துட்டாவளா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். "நான் அத அழிச்சிட்டு வந்திருக்கணும் மாமா. வெளாட்டுக்கு எழுதுனேன்" என்றாள். அதற்கும் அவள்தான் மன்னிப்புக் கேட்கிறாள் பார்.

நீ அவளுக்குப் போன் செய்வதையும் சொன்னாள். குறை சொல்லவில்லை, சொன்னாள். "தெனமும் பண்ணுதாவ மாமா. சாப்ட்டியான்னு கேப்பாவ. சாப்ட்டேன்னுவேன். சரி, வச்சிருதேன்னுவாவ. அம்புட்டுத்தான். அவியளுக்கு எம்மேல கோவமா?" கோபம் இல்லை தாயி, அவனுக்குப் பேச்சு வரவில்லை என்றேன். என்னைப் பெற்றவரும் அப்படி, நானும் அப்படி, அவனும் அப்படியே வந்து வாய்த்துவிட்டான் என்றேன். அவள் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். சரி, வந்த காரியம் பாதி முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அவள் அம்மா காப்பி போட உள்ளே போனாள். சம்பந்தி போன் வந்து தெருவுக்குப் போனார். அதற்காகவே காத்திருந்தவள் போல மகேசு என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "மாமா, பிள்ளை யாரு சாயல்ல இருந்தா?"

நான் உள்ளே காப்பி வருகிறதா என்று பார்த்தேன். அவள் விடவில்லை. "தலையில முடி இருந்துச்சா? கண்ணு மூடியா இருந்துச்சு? நெறம் எப்படி? யாரக் கேட்டாலும், அதப் பேசாத, மறந்துருங்காவ. எத மறக்கன்னே எனக்குத் தெரியலையே மாமா. பத்து மாசம் சொமந்தவளுக்கு ஒண்ணுமே தெரியாது. கனவுல வாரா. மொகம் மட்டும் இருக்க மாட்டேங்குது. ஒரு தடவ பக்கத்து வீட்டுப் பிள்ள மொகத்தோட வாரா, ஒரு தடவ டிவில பாத்த பிள்ள மொகத்தோட வாரா. எம் பிள்ள மொகம் எனக்கு வேணும் மாமா." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் என்ன சொல்வேன்? "பாத்தேன் தாயி, உன்ன மாதிரியே இருந்தா" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பொய்யை அவள் ஆயுசு முழுக்க வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பாளே என்று பயம் வந்தது. "நான் பாக்கலம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. "நீங்க கூடப் போனீங்களே மாமா?" என்றாள். போனேன், ஆனால் பார்க்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை என்றேன். "அப்ப யாரு பாத்தா?" என்றாள். அவன்தான், அவன் யார் கையிலும் கொடுக்கவில்லை என்றேன். அவள் அந்தப் பழத்தை அப்படியே தரையில் வைத்தாள். "அப்ப அவியளுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள். அதற்குள் காப்பி வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு என் அப்பா நினைப்பு வந்தது. அவர் போனபோது நான் காஷ்மீரில் இருந்தேன். செய்தி கிடைத்து, லீவு கிடைத்து, ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார், தாடி வளர்ந்திருந்ததா, மழித்திருந்ததா என்று. அண்ணனும் முகம் சுளிக்காமல் சொன்னார். மறுநாள் திரும்ப அதையே கேட்டேன், திரும்பவும் சொன்னார். லீவு முடிந்து போகும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்துக்கூடக் கேட்டேன். பார்க்காதவனுக்குக் கேட்டுக் கேட்டுத்தான் நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்த பிறகுதான் அழுகை வரும். எனக்கு அழுகை வடக்கே பாதி வழியில் எங்கேயோ ரயிலில் வந்தது. எதிரே இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அண்ணன் அன்றைக்கு, அத மறந்துரு தம்பி என்று சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

நாங்கள் எல்லோரும் சேர்ந்து மகேசுவுக்கு அதைத்தான் செய்துவிட்டோம். முகம் தெரியாவிட்டால் துக்கம் குறையும் என்று நினைத்தோம். குறையவில்லை குமரேசா. அவள் துக்கத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு முகம்கூட இல்லை. உன்னிடம் அந்த முகம் இருக்கிறது. ஆனால் அதை நீ ஒருவருக்கும் காட்டாமல் உனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மெஷினை அணைப்பதும் கட்டரை ஒடிப்பதுமாக நாளைக் கழிக்கிறாய். அவளுக்கு எதுவும் தெரியாது, உனக்கு எல்லாம் தெரியும். இரண்டு பேரும் போனில் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொள்கிறீர்கள்.

நீ மம்சாபுரம் போக வேண்டும். நாலு பேராக வேண்டாம், நல்ல நாளும் பார்க்க வேண்டாம், கையில் எதுவும் கொண்டு போகவும் வேண்டாம். நான் ஆரஞ்சுப் பழம் கொண்டுபோய் அவமானப்பட்டது போதும். அழைத்துக்கொண்டு வரத்தான் போகிறாய் என்றும் நினைக்காதே. வருவதும் வராததும் அவள் முடிவு. வந்தால் நம் வீடு, வராவிட்டாலும் அவள் நம் பிள்ளைதான். ஆறுதல் சொல்லவும் போகாதே, ஆறுதலை எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார். நெற்றி எப்படி இருந்தது, மூக்கு எப்படி இருந்தது, காது மடல் எப்படி இருந்தது, கை விரல் மூடியிருந்ததா என்று சொல். முடியாமல் போனால் நிறுத்திவிட்டு மறுபடி சொல். அவள் திரும்பக் கேட்பாள், திரும்பச் சொல். பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காதே. நம் இரண்டு வீட்டிலும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

நீ போய்விட்டு வா. பட்டறைச் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன், தறிக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். இன்று காலையில், மகேசு கேட்டதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டாள். பிறகு முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குந்தான தெரியாது" என்றாள். அவளும் பார்க்கவில்லையாம். பார்க்க வேண்டாம் என்று சொன்னவளே திரும்பி நின்றுகொண்டாளாம்.

அதனால், மகேசுவிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது, எங்கள் பேத்தி எப்படி இருந்தாள் என்று எங்களுக்கும் சொல் ஐயா.

உன் அப்பா